நீல மையில் எழுதிய நாட்கள்

இதை எழுதுவதற்கு என் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். தேதி எழுதக் கூடாது. மாதமும் கிழமையும் போதும் என்றாள். அறுபதுகளின் பிற்பகுதி என்பதை மட்டும் அனுமதித்தாள். அந்தக் காலத்து நாட்குறிப்பை எதிரில் வைத்துக்கொண்டு தேதி இல்லாமல் எழுதுவது சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நடப்பது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தா. இறப்புப் பதிவேட்டில் காரணம் என்று ஒரு பத்தி இருக்கும். சுரம், பேதி, பிரசவம், இளைப்பு என்று எழுதுவோம். இளைப்பு என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் வயதுக்கான கட்டத்தில் ஒற்றை இலக்கம் போட நேர்ந்தால், அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்காது. என் மகளுக்கு அப்போது வயது ஒன்பது. அவளுக்கும் இளைப்பு இருந்தது.

பெரும்பாலும் விடியும் நேரத்தில் வரும். பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, தோள்களைக் காதுவரை தூக்கிக்கொள்வாள். கழுத்தடியில் குழி விழும். தறிக்கு எண்ணெய் போடாத நாளில் மிதிக்கட்டை முனகுமே, அப்படி ஒரு சத்தம் நெஞ்சிலிருந்து வரும். என் மனைவி முதுகைத் தேய்த்துவிடுவாள். நான் மாடத்திலிருந்த பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்வேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு அடங்கியது என்று குறித்துக்கொள்வேன். டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஒரு சாக்கு. உண்மையில், அந்த நேரத்தில் என் கைக்கு வேறு வேலை எதுவும் தெரியவில்லை.

இளைப்பைப் பற்றி நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்திருந்தேன். சித்த வைத்தியச் சுவடிகளின் அச்சுப் பிரதிகள், ஆங்கில மருத்துவக் கையேடு, பழைய சுகாதார மாத இதழ்கள். எந்தக் காலத்தில் எந்த நாட்டு வைத்தியர் இதற்கு என்ன பெயர் வைத்தார் என்று ஒரு மணி நேரம் பேசுவேன். அவள் மூச்சை அரை அங்குலம் இறக்கிவைக்க எனக்குத் தெரியாது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் மூச்சு அடங்கும், கை நடுங்கும். ஆகவே நாட்குறிப்பில், இளைப்பு வந்த நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அந்த மார்கழியில் ஒன்பது வட்டங்கள்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர் முசரவாக்கத்துக்காரர். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. விடிகாலையில் சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன், நடுக்கம்பியோடு சேர்த்து ஐந்தாறு மூங்கில் கழிகள் கட்டிக்கொண்டு வருவார். பால் தீர்ந்ததும் குளக்கரைப் பொட்டலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். பள்ளிக்கூட மணிக்குள் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக் கழனியில் இறங்குவார். பெருமாள் தெப்பம் மாதிரி நேரம் தவறாத மனிதர்.

தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை அவர் வாசலில் நின்று பால் அளந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்த முனகல் கேட்டது.

"பாப்பாவுக்கா சார்?" என்றார்.

"ஆமாம்பா."

"எத்தினி நாளா?"

நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கேனை மூடிவிட்டு, "ஒரு மண்டலம் அனுப்புங்க சார். கம்பு குடுக்க மாட்டேன். காலடி மட்டும்தான்" என்றார்.

"மூச்சே இல்லாத பிள்ளைக்குச் சிலம்பமா?"

"மூச்சு இருக்கிறவன் எதுக்கு சார் கத்துக்கணும்? அவன் சும்மாவே ஓடுவான்."

நான் படித்த எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை. ஓய்வு வேண்டும் என்றுதான் எல்லாமே சொல்லின. என் மனைவி உள்ளேயிருந்து, "திங்கக்கெழமை அனுப்புறேன்பா" என்றாள். என்னைக் கேட்கவில்லை. அவள் ஐயம்பேட்டைக்காரி, ஆண் பிள்ளை இல்லாத நெசவு வீட்டில் பிறந்து தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் தறி அவளுடையது. நூலை அறுக்கலாமா வேண்டாமா என்று யாரையும் கேட்டு அறுப்பவளல்ல.

எதிர்வீட்டு அம்மாள்தான் கேட்டாள்: "பொட்டப் புள்ளைக்குக் கம்பு எதுக்குமா? மாமியார அடிக்கவா?"

"மாமியார் எப்பிடி வர்றாளோ பாத்துக்கினு முடிவு பண்ணலாங்கா" என்றாள் என் மனைவி.

முதல் வாரம் நானும் கூடப் போனேன். குளத்துப் படியில் உட்கார்ந்து பார்ப்பேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வணக்கத்துக்கான சலாம் வரிசை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். கழி முனையால் மண்ணில் ஒரு பெரிய வட்டம் கீறியிருப்பார். மண்ணைத் தொட்டுக் கும்பிடாதவர் அதற்குள் வரக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

என் மகளுக்கு நடைதான் பாடம். இரண்டு காலடிக்கு மூச்சை உள்ளே வாங்கணும், நாலு காலடிக்கு வெளியே விடணும். வலது, இடது, வலது திரும்பு, இடது திரும்பு. நான்காம் நாள் நடுவில் அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. குனிந்தாள். நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஒக்காராத பாப்பா. நட. மெதுவா நட. வெளிய விடு, வெளிய விடு, வெளிய வுட்டாத்தான் உள்ள எடம் கெடைக்கும்" என்று அவர் அவள் கூடவே நடந்தார்.

நான் வட்டத்தின் விளிம்புவரை போய்விட்டேன். சட்டைப் பையில் கடிகாரம் இருந்தது. கை அதன்மேல் இருந்தது.

"சார், நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க."

"அவளுக்கு..."

"எனக்கும் தெரியுது சார். போங்க."

குளத்தைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தபோது இரண்டு உருவங்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, மிக மெதுவாக நடந்துகொண்டிருந்தன. கால்மணி நேரம் கழித்து, என் கடிகாரப்படி பதினேழு நிமிடம், அவள் நிமிர்ந்தாள். அன்று சிவப்பு வட்டம் போட்டேன். மறுநாள் முதல் வேடிக்கை பார்க்க வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லப்பட்டது. சொன்னவள் மகள்.

மாசி பிறக்கும்போது மூன்று நாட்களாக நன்றாகச் சாப்பிட்டாள் என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். பங்குனியில் அவள் நெற்றி உயரத்துக்கு ஒரு கழி கிடைத்தது. விளக்கெண்ணெய் பூசி வாசல் மூலையில் சாய்த்துவைப்பாள். வகுப்பில் பாடம் வாசிக்கும்போது கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறது என்று வாத்தியார் சொன்னார். தெருப் பையன்கள் "இழுப்புக்காரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர்களில் பெரியவனைப் பார்த்து, "ஆமாண்டா, இழுப்புதான். ஒனக்கு மூக்கு ஒழுவுது, நான் கேட்டனா?" என்றாளாம். அதற்குப்பின் அந்தப் பெயர் நின்றது. தெருவில் மற்றப் பிள்ளைகளையும் கவனித்துக் குறித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் கல்லைத் தூக்கும் ஒரு பையன், கழியைக் கையில் பிடித்த இரண்டாம் மாதம் கல்லைக் கீழே போட ஆரம்பித்தான். அடித்தால் வலிக்கும் என்பது அவனுக்கு அங்கேதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வட்டங்கள் குறைந்தன. தையில் ஐந்து, மாசியில் மூன்று, பங்குனியில் ஒன்று. சித்திரை முழுக்க ஒரு வட்டமும் இல்லை. மார்கழிப் பனி போனதால்கூட இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சிவப்பு இல்லாத பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு நின்ற இடத்தில் நீலம் கூடியது. "மாலையில் யாரும் சொல்லாமல் தானாகவே கொல்லையில் காலடி பழகினாள்" என்று நீல மையில் அடிக்கடி எழுதியிருக்கிறேன். ஐந்தரைக்கு அலுவலகத்திலிருந்து வருவேன். அம்மாவுக்குத் துணையாகத் தறியில் இருந்த மகள் எழுந்து கொல்லைக்குப் போவாள். கிணற்றைச் சுற்றி நடப்பாள், திரும்புவாள், நடப்பாள். ஒரு நாள் நான் எட்டிப் பார்த்தபோது, "பழகுறேன்பா" என்றாள் முதுகைக் காட்டியபடி. என்ன ஒழுங்கு, என்ன ஊக்கம் என்று அன்றைக்கு ஒரு வரி கூடுதலாகவே எழுதினேன்.

நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறு வாசகர் கூட்டம் நடக்கும். வைகாசிக் கூட்டத்தில் "சிறுவர்களுக்குச் சிலம்பப் பயிற்சியின் நன்மைகள்" என்று நான் பேசுவதாக ஏற்பாடு. ஒரு அட்டவணை தயாரித்தேன். முதல் பத்தியில் மாதம், இரண்டாவதில் இளைப்பு வந்த நாட்கள், மூன்றாவதில் தானாகப் பழகிய நாட்கள். ஒன்று இறங்க ஒன்று ஏறியது. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது.

கோடை விடுமுறையில் என் மகள் நாள் முழுக்க அம்மாவோடு தறியில் இருந்தாள். எங்கள் ஊர்ச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இடது கரையையும் உடலையும் நெய்பவர் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைப் போட இன்னொருவர், எங்கள் வீட்டில் மகள், பக்கத்தில் உட்கார வேண்டும். உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்ளும் இடத்தைக் கோர்வை என்பார்கள். நாடா நேரத்துக்கு வந்தால் கோர்வை பல்வரிசை போல இருக்கும். தாமதித்து வந்தால் இழை தொய்ந்து அந்த இடம் மட்டும் லேசாக வாய் பிளக்கும். நெசவாளி அல்லாதவருக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, தறியிலிருந்த சேலையை அறுத்து எடுத்தார்கள். என் மனைவி கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் நீளமாகப் போட்டு, கரையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நானும் உட்கார்ந்தேன். நெசவு வீட்டில் பிறந்தவன்தான், கண் மறந்துவிடவில்லை. வலது கரையில் ஓரிடத்தில் கோர்வை வாய் பிளந்திருந்தது. நான்கு விரல் நீளம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு முந்தானைக்குச் சமீபத்தில் மூன்றாவது.

"இன்னா இது?" என்றேன்.

"நாடா கொஞ்சம் லேட்டா வந்துது" என்றாள்.

"மூணு எடத்துல?"

அவள் சேலையை மடிக்க எழுந்தாள். நான் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சேலை தொடங்கிய நாள் என் நாட்குறிப்பில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு முழம் நெய்வார்கள். நடுவில் அமாவாசை, அன்று தறி ஓடாது. முழங்கையால் அளந்தேன். முதல் பிளவு நான்காம் நாள். இரண்டாவது, அமாவாசையைத் தள்ளிக் கணக்குப் பார்த்தால், ஏழாம் நாள். மூன்றாவது பதினோராம் நாள். நாட்குறிப்பை எடுத்துவந்து பாயில் வைத்துப் புரட்டினேன். மூன்று நாளிலும் சிவப்பு இல்லை. மூன்று நாளிலும் நீலம் இருந்தது. மாலையில் யாரும் சொல்லாமல் தானாகவே கொல்லையில் காலடி பழகினாள்.

சேலையின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துக்கினுதான் இருக்குதா?"

"மார்கழி அளவுக்கு இல்ல. ஆனா வருது."

"ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியாம போவும்? அந்தப் பக்கத்துலேர்ந்து நாடா வரலன்னா என் கைதானே காத்துக்கினு இருக்குது."

"ஏன் சொல்லல?"

"அவ சொல்ல வேணாம்னுட்டா."

சித்திரையிலிருந்து நான் எழுதிய நீல வரிகளை எண்ணத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டேன். அவற்றில் எது பயிற்சி, எது இளைப்பு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அட்டவணையில் நன்மை என்று ஏறிக்கொண்டே போன பத்தியில் என் பிள்ளை மூச்சுக்குத் தவித்த நாட்களைத்தான் எழுதியிருந்தேன். பதிவேட்டில் பிறந்தவனை இறந்தவன் பக்கத்தில் எழுதினால் மேலதிகாரி கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார். இதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை.

அவள் கொல்லையில் கழிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன். அம்மாவும் நானும் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும்.

"எங்கிட்ட மறைக்கலாமா கண்ணு?"

அவள் கழியின் கணுவைத் துணியால் தேய்த்தாள். "மறைக்கலபா. நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க."

"நீ பழகுறேன்னு சொன்ன."

"பழகத்தான் செஞ்சேன். அதான் பழக்கமே. வந்தா நடக்கணும்னு அண்ணன் சொல்லிக்குடுத்துது." பால்காரரை அவள் அண்ணன் என்பாள்.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே."

கழியை மதிலில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க கடியாரத்த எடுத்துக்கினு எதுர்ல வந்து ஒக்காருவீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னும் இழுக்குதுபா. ஒங்களுக்கும் இழுக்குற மாதிரியே இருக்குது. அப்புறம் நான் ரெண்டு பேருக்கும் மூச்சு வுடணும்."

கோபமாகச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே சொன்னாள்.

பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியானால் மறைக்க இடம் இருக்காது. மூச்சு விடவும் இடம் இருக்காது. மறைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் மோசமாக வந்து, கிணற்றடியில் தனியாக விழுந்துவிட்டால்? பதிவேட்டின் அந்தக் கட்டமும் அதன் பக்கத்து ஒற்றை இலக்கமும் கண்முன் வந்தன. நிறுத்தினாலும் பயம், விட்டாலும் பயம். என் மனைவியிடம் சொன்னேன். "நான் ஒரு காத வெச்சிக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

ஞாயிறு மாலை கூட்டத்துக்குப் போனேன். வைகாசித் திருவிழாக் கூட்டம் ஊரில் இருந்ததால் நூலகத்துக்கு வந்தவர்கள் பதினைந்து பேர்தான். உடல் நிமிர்வு, பசி, கண்ணும் கையும் சேர்ந்து இயங்குவது, அடியின் வலி தெரிவதால் வரும் நிதானம் எல்லாவற்றையும் படித்தேன். அட்டவணை சட்டைப் பையிலேயே இருந்தது. முடிந்ததும் முன் வரிசையில் இருந்த, தறிகளுக்குப் பாவு இழை பிணைப்பவர் ஒருவர் கேட்டார்.

"உங்க பாப்பாவுக்கு இழுப்பு இருந்துதே சார், போய்ட்டுதா?"

"போகலீங்க."

"அப்போ இன்னா சார் நன்மை?"

யாரோ சிரித்தார்கள். "வந்தா என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியுது" என்றேன். "எனக்குத்தான் தெரியல" என்பதைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

ஆனி மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம், புதன்கிழமை. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பாயிலிருந்து அவள் எழுந்து உட்காரும் அசைவு கேட்டது. பிறகு அந்த முனகல். மார்கழிக்குப் பிறகு நான் கேட்டதில் இதுதான் பெரிது. அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தாள். நான் எழவில்லை. எழுந்தால் தப்பு, எழாவிட்டாலும் தப்பு. கொல்லைப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். ஒரு மூச்சு. "கடியாரம்... வேணாம்."

போனேன். துணி துவைக்கும் கல்லைக் காட்டினாள். அந்தாண்ட திரும்பி உட்காரச் சொல்கிறாள் என்று புரிந்தது. மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் கிணற்றைச் சுற்றிக் காலடி ஆரம்பித்தது. இரண்டு காலடி, பிறகு நாலு வர வேண்டும். மூன்றில் நின்றது. மறுபடி இரண்டு, மூன்று. மதிலில் பாசி இருந்தது, அதில் ஒரு மரவட்டை போய்க்கொண்டிருந்தது. அதற்கு எத்தனை கால் என்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. என் மூச்சு அவள் காலடிக்குக் காத்துக்கொண்டிருந்தது. அதை அவள் கேட்டுவிடக் கூடாது என்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

இரண்டு. மூன்று. இரண்டு. நான்கு வந்ததா, என் ஆசையா என்று தெரியவில்லை.

பிறகு காலடி நின்றுவிட்டது.

திரும்பக் கூடாது. திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டது. உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிடவில்லை, அவளும் எங்கோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பாள். மணி இரண்டாம் முறை அடித்தது.

"பால்காரண்ணன் வந்துட்டாருபா." குரல் துண்டு துண்டாக வந்தது. "போயி... பால் வாங்குங்க."

அவளைப் பார்க்காமலே எழுந்து, அடுப்படியில் பால் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கொல்லையில் காலடி மறுபடி தொடங்கியிருந்தது. பால் அளக்கும் குவளையைக் கேனுக்குள் விட்ட பால்காரர், தலையைச் சாய்த்து உள்ளே கேட்டார்.

"பாப்பாவா சார்?"

"ஆமாம்பா."

"கொறையுதா?"

"தெரியலப்பா" என்று செம்பை நீட்டினேன். அவர் ஊற்றினார்.